நெட்டைக்கு நான் வாசித்துக் காட்டிய படங்கள்

நானும் நெட்டையும் ஒருமுறை இரண்டு பகலும் ஓர் இரவும் ஒருவர் கையை ஒருவர் விடாமல், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறோம். மொத்த ஆஸ்பத்திரியும் படிக்கட்டில் வரிசைகட்டி வந்து வேடிக்கை பார்த்தது. பெரிய டாக்டர் எங்கள் இருவர் நாடியையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எது யாருடையது என்று பிரித்துச் சொல்லத் தன்னால் ஆகாது என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

இதை என் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னபோது ஐந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டபத்தில் இருந்த நாற்காலிகள் நாற்பதுதான் என்பது வேறு விஷயம். சிரிக்காமல் இருந்தது ஒரே ஆள். எனக்கு இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்ட நெட்டை, என்னை மதித்து அன்றைக்கு வந்திருந்தாள். முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசரிடம், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அன்னிக்கு கரண்டே போகல சார். இவ சும்மா அளக்குறா." அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

கரண்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆஸ்பத்திரியின் பேஸ்மென்ட்டில், ஜன்னல் என்ற ஒன்றே இல்லாத சலவைக்கூடத்தில், முப்பத்தொரு வருஷம் ஜோடியாகப் படுக்கை விரிப்பு மடித்தவர்கள். விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதற வேண்டும். நீளவாக்கில் ஒரு மடி, இன்னொரு மடி. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவள் குனிந்து, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்து, மறுபடி எழுந்து மறுபடி கொடுக்க வேண்டும். ஆக ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை கையும் கையும் தொட்டுக்கொள்ளும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. முப்பத்தொரு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நான் பெருக்கினால் ஒரு கோடிக்குக் குறைந்து வராது. அவள் பெயருக்கேற்ற உயரம். நான் குள்ளி. அவள் எனக்காகக் கையைத் தாழ்த்துவாள், நான் அவளுக்காகக் குதிகாலை உயர்த்துவேன். வேறு யாரோடு ஜோடி போட்டாலும் எங்கள் இருவருக்கும் விரிப்பு கோணலாகத்தான் வரும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கரண்ட் போனது. ஜெனரேட்டர் முதலில் ஆபரேஷன் தியேட்டருக்கு, பிறகு வார்டுகளுக்கு, கடைசியில்தான் எங்களுக்கு. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு அடங்கின. இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. அந்த நொடியில் நாங்கள் எதிரெதிரே வந்து, நான் என் முனைகளை அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் மேல் அவள் விரல்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு ஆகாது. கண்ணை இறுக மூடி, டிரையர் சூடு ஆறாத விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டபோது நான் கண்ணைத் திறந்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டதால் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மின்சார வாரியத்தை நான் அன்றைக்குச் சபித்த சாபத்துக்கு அந்த வாரியம் இன்னும் கரையேறவில்லை. அடுத்த விரிப்பை உதறினோம். அவ்வளவுதான் நடந்தது.

இதை நான் முதல்முதலில் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது கால் மணி நேரம் என்றேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் ஒரு மணி நேரம் ஆனது, சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வருஷா வருஷம் அந்த மத்தியானத்துக்குச் சம்பள உயர்வு கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் நெட்டை ஒரே வரியைச் சொன்னாள். கரண்டே போகல. என்னிடம் முதலையைக் குளிப்பாட்டிவிட்ட கதை இருக்கிறது, மந்திரியின் உள்சட்டையைச் சுருங்கவைத்த கதை இருக்கிறது. அவற்றை யார் நம்பாவிட்டாலும் எனக்கு ஒரு மயிரும் உதிராது. கையில் இருந்த ஒரே நிஜம் இது. அதைத்தான் நான் ஊதி ஊதிப் பெருக்கி, பொய்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு ஆனது. காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், சாயங்காலம் ஆனது. ருசி தெரிந்தது, ஆனால் பிடித்ததா என்று தெரியவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது, சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுகிற டிரம் மாதிரி. நெட்டைக்கும் அதே கதிதான், வேறு வழியில். பதினாலு மாதத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், சாதுவான மனுஷர். நெட்டை ஒரு சொட்டு அழவில்லை. "பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்குடி. தொட்டா தெரியுது, என்னுதுன்னு தெரியல," என்றாள். ஒரு வருஷம் அப்படியே இருந்தாள். மகன் பார்த்துப் பார்த்து, தான் வேலை செய்கிற ஊருக்கே அழைத்துப் போய்விடுவது என்று முடிவு செய்தான். ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம். மாதக் கடைசிச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு சாமான் லாரி.

இன்னும் நான்கு சனிக்கிழமை இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லாரி வருவதற்குள் அவள் வாயால், ஆமாம், அது நடந்தது என்று கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் கொஞ்ச நாளாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரை ஏமாற்றினால் பரவாயில்லை. என்னையே ஏமாற்றிக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு மத்தியானத்தை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேனா என்ற சந்தேகம்.

இதற்கு மூன்று மாதம் முன்பே என் முட்டி மக்கர் செய்திருந்தது. வலி என்றால், பிரசவ வலியை ஒன்பதால் பெருக்க வேண்டும்; எனக்குப் பிரசவமே ஆனதில்லை, இருந்தாலும் எனக்குத் தெரியும். பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்கு நான் முட்டிக்காரி என்று பெயர் வைத்தேன். நகராத சைக்கிளில் ஏற்றி உட்காரவைத்து இருபது நிமிஷம் மிதிக்கச் சொன்னாள். மிதிக்கும்போது வாய் சும்மா இருக்குமா? முதல் நாளே அவளுக்கு முதலைக் கதையைச் சொன்னேன். இரண்டாம் நாள் சைக்கிளின் முன்னால் தன் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தாள். "ஆன்ட்டி, இது ஒரு எபிசோடு சரியா இருவது நிமிஷம் வரும். இத பாத்துட்டே மிதிங்க. பேசினா மூச்சு வாங்கும்." என் மூச்சைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை, அவள் காதைப் பற்றித்தான் என்பது எனக்குத் தெரியாதா?

ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மைப் படம். அனிமே என்பார்களாம். கண்கள் தட்டு தட்டாக. பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். தினமும் மொட்டைமாடிக்குப் போய் வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்று குறித்துவைப்பது அவர்கள் வேலை. ஒருத்தி பார்த்துச் சொல்வாள், ஒருத்தி எழுதுவாள். பன்னிரண்டு பாகம். பன்னிரண்டு பாகத்திலும் ஒருத்தர் ஓடவில்லை, ஒருத்தர் கத்தவில்லை. ஆறாவது பாகத்தில், எழுதுகிறவள் அன்றைக்கு வரவில்லை. பார்க்கிறவள் தானே பென்சிலை எடுத்து, அவள் கையெழுத்து மாதிரியே எழுதப் பார்க்கிறாள். வரவில்லை. அழித்து மறுபடி எழுதுகிறாள். அவ்வளவுதான் பாகம். நான் மிதிப்பதை நிறுத்தியிருந்தேன். நிறுத்தினால் சைக்கிள் கீச் கீச்சென்று கத்தும். முட்டிக்காரி ஓடிவந்து, "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். வலித்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. ஆனால் அங்கே ஏதோ ஒன்று இருந்தது. ஒன்றரை வருஷமாக ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று.

இப்படிப்பட்ட படங்களுக்கென்று அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது. இரண்டு பெண்கள், ஒன்றும் நடக்காது, பார்த்து முடித்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாது. அந்த மூன்று மாதத்தில் நான் ஆயிரத்தெட்டுப் படம் பார்த்தேன். ஏழு. நெட்டைக்கு இதைக் காட்டினால் என்ன? நான் வாயால் கேட்டால் அவள் கரண்ட் போகவில்லை என்பாள். இந்தப் பிள்ளைகள் கேட்டால்?

முதல் சனிக்கிழமை டேப்லெட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை வீடு. நெட்டை தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி, முனை உள்ளே மடிந்திருக்கும்படி. நான் மேகப் படத்தின் பெருமையை அரை மணி நேரம் பேசினேன். இதைப் பார்த்து ஜப்பானில் மூன்று பேர் பேச்சே நின்றுபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்றேன்.

"யாராவது சாவாங்களா இதுல?"

"இல்ல."

"கல்யாணம்?"

"இல்ல."

"போலீஸு, கோர்ட்டு, சொத்துத் தகராறு?"

"ஒண்ணும் இல்லடி. மேகம் பாப்பாங்க."

"பன்னெண்டு பாகமும்?"

"பன்னெண்டு பாகமும்."

"உனக்கு முட்டியிலதான் கோளாறுன்னு நெனச்சேன்," என்றாள் நெட்டை.

அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. படத்தின் கீழே ஓடுகிற தமிழ் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நான் வாசித்தேன். நான் வாசித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மழை வருகிறது, ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, குடை இருக்கு என்கிறாள். நான், "உன் தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் என் உசுரு போயிரும், வந்துரு என் கொடைக்குள்ள!" என்று தொண்டை அடைக்க வாசித்தேன்.

நெட்டை டம்ளர் சுற்றுவதை நிறுத்தினாள். "அவ வாய் ரெண்டு தடவதான் அசைஞ்சுது."

"அந்தப் பாஷை அப்படி. ரொம்பச் சுருக்கம்."

"மூஞ்சில உசுரு போற மாதிரி ஒண்ணும் தெரியலையே."

"அடக்கிக்கிறா."

"இவ அடக்குறா, நீ கொட்டுற," என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். நான்கு பாகம் ஓடியது. அவள் முகம் காயவைத்த துணி மாதிரி இருந்தது. கிளம்பும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்," என்றாள்.

இரண்டாவது சனிக்கிழமை மேசைப்பந்துப் படம். ஜோடியாக ஆடுகிற இரண்டு பெண்கள். ஒருத்தி இடக்கை, ஒருத்தி வலக்கை. அதனால் ஆட்டத்தில் இடித்துக்கொள்ளவே மாட்டார்கள். மேசையை விட்டு இறங்கினால் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். கடைசியில் இடக்கைக்காரியின் அப்பாவுக்கு மாற்றல் வந்து அவள் ஊரை விட்டுப் போகிறாள். இந்த இடம் வந்தபோது நான் என்னை முழுசாக அவிழ்த்துவிட்டேன். வலக்கைக்காரிக்காக நான் எழுதிய வசனத்தை அவள் கேட்டிருந்தால் மேசைப்பந்தை விட்டுவிட்டு நாடகத்துக்கே போயிருப்பாள். எனக்கே கண் கலங்கியது. அந்தச் சூட்டிலேயே கேட்டுவிட்டேன்.

"நெட்டை, அன்னிக்கு கரண்ட் போச்சுல்ல?"

அவள் அலமாரியில் இருந்த துணிகளைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "எத்தன தடவ சொல்றது. போகல."

"நம்ம கை..."

"போகாத கரண்டுக்கு என்னடி கை?"

உள்ளறையில் கட்டில் கழற்றிக்கொண்டிருந்த மகன் எட்டிப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவன், நல்ல பிள்ளை. "என்ன சித்தி, அந்தக் கதையா? நான் ஸ்கூல் படிக்கும்போது அது அரை நாளாதானே இருந்துச்சு? இப்ப ரெண்டு நாள் ஆயிருச்சாமே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கவைத்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும்? நெட்டை ஒரு சேலையை எடுத்து, இரண்டு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, தானே ஒற்றை ஆளாக மடித்தாள். கோணலாக வந்தது. அப்படியே பெட்டியில் போட்டாள். படி இறங்கும்போது எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மூன்று மாடிக்கும் எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஐம்பத்துநாலு. கூட்டாமல் குறைக்காமல் ஐம்பத்துநாலு.

அடுத்த வாரம் சைக்கிளில் ஏறியதும் முட்டிக்காரியிடம் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினேன். வலக்கைக்காரி ரயிலுக்குப் பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடுகிறாளே, அது போதும், அதற்கே அந்தப் படம் வரைந்தவன் கையில் தங்கக் காப்பு போட வேண்டும் என்றேன்.

"ஆன்ட்டி, அதுல ரயிலே இல்ல."

"நான் பாத்தேன்மா."

"நான் நாலு தடவ பாத்துட்டேன். ரயிலும் இல்ல, ஓட்டமும் இல்ல."

பந்தயம் கட்டினேன். படத்தைப் போட்டாள். காலி ஆட்டக்கூடம். வலக்கைக்காரி ஒரு துணியை எடுத்து மேசையில் தன் பாதியைத் துடைக்கிறாள். கொஞ்ச நேரம் நிற்கிறாள். சுற்றிக்கொண்டு போய் அடுத்த பாதியையும் துடைக்கிறாள். துணியை உதறி மடித்து வைக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. கீழே எழுத்தே ஓடவில்லை. நான் நெட்டைக்கு வாசித்ததெல்லாம் எங்கே எழுதியிருந்தது?

பந்தயத்தில் தோற்றது பெரிதில்லை. மிதித்துக்கொண்டே அந்த மத்தியானத்தை எடுத்துப் பார்த்தேன். நான் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பெரிய டாக்டரை அனுப்பினேன். படிக்கட்டில் நின்ற கூட்டத்தைக் கலைத்தேன். இரண்டு நாளை ஒரு நாளாக்கி, அரை நாளாக்கி, ஒரு மணி, கால் மணி என்று இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது சூடான துணி, அதன் மேல் விரல்கள். அந்த விரல்களையும் நானே வைத்தேனோ என்னவோ? அதற்கு அடியில் தொட்டுப் பார்த்தேன்; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சைக்கிள் கத்தியது. மறுபடி மிதித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை நான் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய். முட்டி அன்றைக்கு நன்றாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். வீட்டில் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. நாற்காலிகள் வாசலருகே கவிழ்ந்து கிடந்தன. மகன் லாரிக்காரரைப் பார்க்கக் கீழே போயிருந்தான். நெட்டை ஜன்னல் ஓரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே, மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். நான் வந்ததற்கு அவள் சந்தோஷப்பட்டாளா என்று தெரியவில்லை. முட்டி எப்படி என்றாள். இருக்கு என்றேன். வேறு பேச்சு வரவில்லை. அதனால்தான் டேப்லெட்டை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டிக்காரி இந்தப் படத்தைத் தரும்போதே எச்சரித்திருந்தாள்: "இதுல பேச்சே இல்ல ஆன்ட்டி. நீங்க தாங்க மாட்டீங்க." பார்க்காமல்தான் கொண்டுவந்திருந்தேன். எதிரே இன்னொரு பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதல் பாகமும் கடைசிப் பாகமும் மட்டும் போடுறேன். லாரி வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்."

"போடு," என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு பெண்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. மாதத்துக்கு ஒருமுறை ஒருத்தி மற்றவளுக்கு முடி வெட்டிவிடுவாள். பின்கட்டில் ஒரு முக்காலி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, கத்தரிக்கோல். முதல் பாகம் முழுக்க அதுதான். குனி. நிமிரு. அசையாதே. மூன்று சொல்தான் எழுத்தில் ஓடியது. நான் மூன்று சொல்லைத்தான் வாசித்தேன். நாலாவது சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, முழுங்கினேன். வெட்டுகிறவள் காதோரத்து முடியை ஒதுக்கும்போது சத்தமே இல்லை. வாசிக்க ஒன்றும் இல்லாததால் அறையில் நாங்கள் இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது.

கடைசிப் பாகம். இருவரும் இப்போது கொஞ்சம் பெரியவர்கள். முக்காலியில் உட்காருகிறவள் ஒரு நாள் கடையில் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. வெட்டிவிடுகிறவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். ரொம்ப நேரம் பார்க்கிறாள். எனக்கு உள்ளே எத்தனை வசனம் வரிசையில் நின்றது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கீழே எழுத்து ஓடியது.

"நல்லா இருக்கு," என்று வாசித்தேன்.

நெட்டை திரும்பி என்னைப் பார்த்தாள். "அவ்ளோதான் சொன்னாளா?"

"அவ்ளோதான்."

"நீ ஒண்ணும் எடுக்கலையே? சேக்கலையே?"

"இல்ல. அவ்ளோதான் எழுதியிருக்கு."

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். அந்தப் பெண் உள்ளே போய், இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒரு துணியால் துடைத்து, இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து, திரும்ப வைக்கிறாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கீழே தெருவில் லாரி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. யாரோ கையால் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரமே வந்துருச்சு," என்றாள் நெட்டை.

"பன்னெண்டுக்குன்னுதானே சொன்னான்? மணி பத்தரைகூட ஆகல."

"லாரி இல்ல. கரண்டு."

உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை. பெட்டி மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் இது விழுகிறது.

"நீ மூஞ்சிய பெட்ஷீட்டுக்குள்ள வெச்சிருந்த. ஒனக்குத் தெரியல. லைட்டு எரிஞ்சுது. மெஷின் எதுவும் ஓடல, நாமதானே போய் பட்டன அமுக்கணும். எல்லாம் அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. செவுரு, வண்டி, மடிச்சு வெச்ச அடுக்கு, எல்லாம் தெரிஞ்சுது எனக்கு."

"அப்ப ஏண்டி இத்தன வருஷம்..."

"நீ சொன்னது ரெண்டு நாளு. ஆஸ்பத்திரியே நின்னு பாத்துச்சுன்ன. எல்லாரும் சிரிச்சாங்க." அவள் குரலில் கோபம் இல்லை, சாமான் பட்டியலைப் படிக்கிற மாதிரி சொன்னாள். "யாரும் பாக்கல. நான்தான் பாத்தேன். நீ சொன்ன கதையில நான் நிக்கலடி, வேற யாரோ நின்னா. அதுக்கு நான் எப்படி ஆமான்னு சொல்றது?"

"எவ்ளோ நேரம் நின்னோம்?"

திரையில் பெயர்கள் முடிந்து, எங்கள் இரண்டு பேர் முகமும் கறுப்பாகத் தெரிந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே.

"படியில சாப்பிடப் போனவங்க இறங்கி வர்ற சத்தம் கேட்டுச்சு. அப்பதான் விட்டேன்," என்றாள். மாடிப்படியில் மகன் ஆட்களோடு பேசிக்கொண்டே ஏறி வருவது கேட்டது. நெட்டை அவசரப்படவில்லை. கைப்பை மேல் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்தேன். உன் வகிட்டுல ஒரு நூலு ஒட்டியிருந்துச்சு. வெள்ளை நூலு. எடுத்து விடலாம்னு பாத்தேன். எடுக்கணும்னா கைய விடணும்."

"எடுத்தியா?"

"இல்ல," என்றாள் நெட்டை.